கிங் ஆலிவரின் ஈறுகள்

சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பல் பார்க்க வருகிறவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான். வாத்தியம் ஏதாவது வாசிக்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என எனக்கும் தோன்றியதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவருக்கு மேல் முன்பல்லின் நுனி உடைந்திருந்தது. பல் நிறத்திலேயே பூச்சு வைத்து, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு அனுப்பி வைத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு மேடம். சாக்ஸபோன்தான் வாசிக்க முடியல. சத்தம் பிசிறடிக்குது" என்றார்.

முன்பிருந்ததைவிட அந்தப் பல் ஒரு மயிரிழை நீளமாகியிருந்தது, அவ்வளவுதான். வாத்தியத்தையே கொண்டுவரச் சொல்லி, வாசிப்பதும் தேய்ப்பதுமாக ஒரு மணி நேரத்தில் சரி செய்தோம். அவர் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசைக்குப் பித்தர். போகும்போது கேட்க வேண்டிய இசைத்தட்டுகளின் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நானும் ஜாஸ் கேட்கிறேன். என்ன, எனக்குக் கேட்கும்போதெல்லாம் பல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சாக்ஸபோன், கிளாரினெட் இரண்டிலும் மேல் முன்பற்கள் ஊதுவாயின் மேல் நேராக உட்காரும். கீழ் உதடு உள்பக்கம் மடிந்து கீழ்ப்பற்களின் மேல் மெத்தை போலக் கிடக்கும். கீழ்ப்பல் கூராக இருந்தால் உதட்டின் உள்பக்கம் புண்ணாகும். ட்ரம்பெட், அதன் தம்பி போன்ற கார்னெட், டிராம்போன் வேறு வகை. அவற்றில் அதிர்வது சாக்ஸபோனில் போல நாணல் சீவல் அல்ல, வாசிப்பவரின் உதடே. கிண்ணம் போன்ற ஊதுவாயின் விளிம்பு உதட்டில் அழுந்த, அந்த உதட்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி முன்பற்கள் நிற்க வேண்டும். சுவர் ஆடினால் எல்லாம் ஆடும். டிராம்போனுக்கு ஊதுவாய் பெரியது, அழுத்தம் பரவிப் போகும். ட்ரம்பெட்டுக்குச் சின்ன வட்டம், அழுத்தம் முழுவதும் நாலைந்து பற்களின் மேல்தான்.

இதற்கு ஜாஸ் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி ஜோ ஆலிவர். எல்லோரும் அழைத்த பெயர் 'கிங்' ஆலிவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கார்னெட்காரர், பிறகு சிகாகோவில் கொடி கட்டிப் பறந்தவர். அந்தப் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியில் தனி ஆவர்த்தனத்துக்குப் பெரிய இடம் இல்லை. கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போக, மேலே கிளாரினெட் சுற்றிச் சுற்றி ஓட, கீழே டிராம்போன் வழுக்கி வழுக்கி வர, மூன்று பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் வாசிப்பார்கள். இரைச்சலாகிவிடாமல் அதைக் கட்டி மேய்ப்பவர் கார்னெட்காரர்.

1922இல் ஆலிவர் தன் குழுவுக்கு இரண்டாவது கார்னெட் வாசிக்க ஊரிலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங். 1923இல் இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் அவர்கள் செய்த ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மைக் இல்லாத காலம். ஒரு பெரிய கூம்புக் குழலின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்ற எல்லோரையும் அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்க வைத்தார்களாம். 'டிப்பர்மவுத் புளூஸ்' என்ற பதிவில் கார்னெட் வாயை மூடித் திறந்து, அழும் குழந்தை போல ஆலிவர் பேச வைப்பதைக் கேளுங்கள். அந்த மூன்று நிமிஷத்துக்காகவே அவரை மன்னர் என்று ஒப்புக்கொள்ளலாம்.

அந்த வாயில்தான் பயோரியா வந்தது. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. இருபதுகளின் கடைசியில் தன் பெயரில் வெளியான பதிவுகளிலேயே பல இடங்களில் தனி வாசிப்பை அவர் மற்றவர்களுக்கு விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் குழு கலைந்தது, காசும் போயிற்று. 1937இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஆலிவரைப் பார்த்ததாக ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறு வருஷமே ஆலிவர் இறந்துபோனார்.

ஆலிவருக்கு ரொட்டி நடுவே சர்க்கரையைக் கொட்டிச் சாப்பிடுவதில் அலாதிப் பிரியம் என்பார்கள். அதனால்தான் ஈறு போயிற்று என்று முடிச்சுப் போட வேண்டாம். சர்க்கரையின் வேலை முக்கியமாகச் சொத்தை. ஈறைக் கெடுப்பது பல்லோரம் படியும் அழுக்கும் அது இறுகி உண்டாகும் காரையும்தான். பயோரியாவின் மோசமான குணம், அது வலிக்காது. துலக்கும்போது லேசாக ரத்தம் வரும், வாய் நாறும், அவ்வளவுதான். புகை பிடிக்கிறவர்களுக்கு அந்த ரத்தம்கூடச் சரியாக வராது, அதனால் ஈறு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பல்லைக் கிளீன் பண்ணினா ஆட ஆரம்பிச்சிடும்" என்று நம் ஊரில் படித்தவர்களே சொல்கிறார்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லை அந்தக் காரைதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது. பழி எங்கள் மேல்.

ஆம்ஸ்ட்ராங்குக்குப் பல்லைவிட உதடுதான் தொல்லை. கூட்டு மனோதர்மத்திலிருந்து ஜாஸைத் தனி வித்வானின் கலையாகத் திருப்பியவர் அவர். 1928இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தொடக்கத்தில் துணையே இல்லாமல் ட்ரம்பெட் தனியாகப் பாய்வது அதன் அடையாளம். உச்ச சுருதிகளை இரவுக்கு இரவு அழுத்தி அழுத்தி வாசித்ததில் உதடு வெடித்து, முப்பதுகளின் நடுவில் மாதக்கணக்கில் வாத்தியத்தை ஓரமாக வைக்க நேர்ந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை அப்படிக் கிழிவதற்கு மருத்துவத்தில் அவருடைய செல்லப் பெயரையே வைத்து 'சாச்மோ நோய்க்குறி' என்கிறார்கள். நாற்பதுகளில் வந்த பீபாப் என்ற ஜாஸ் பாணியில் மின்னல் வேகம் காட்டிய ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி கன்னங்களைத் தவளை போல ஊதிக்கொண்டு வாசித்தார். எந்த ஆசிரியரும் அப்படி வாசிக்கச் சொல்ல மாட்டார். அவருக்கு எப்படியோ நடந்தது.

செட் பேக்கரின் கதை வேறு. ஐம்பதுகளில் கலிபோர்னியாவில் வளர்ந்த 'கூல்' பாணி ட்ரம்பெட்காரர். கத்தாமல், நடு ஸ்தாயியில், காதோடு பேசுவது போல வாசிப்பவர். சின்ன வயதிலேயே ஒரு முன்பல் போய்விட்டிருந்தது. அந்த இடைவெளியோடுதான் புகழ்பெற்றார். 1966இல், போதைப் பழக்கத்தால் சிக்கிய ஒரு விவகாரத்தில், அவரை அடித்து வாயைச் சிதைத்தார்கள். கடைசியில் பற்களை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பல்செட் வைத்தார்கள். மேல் பல்செட் உறிஞ்சு பிடியில் நிற்பது. முன்னால் ஊதுவாய் இடித்தால் பின்னால் தூக்கும். பேக்கர் முதல் பாடத்திலிருந்து ஊதக் கற்று, 1973 வாக்கில் நியூயார்க் மேடைக்குத் திரும்பினார். எலும்பில் டைட்டானியம் திருகாணி பொருத்திப் பல் வைக்கும் முறையை ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குச் செய்தது 1965இல்தான். பேக்கருக்கு அது எட்டவில்லை.

இன்று எட்டும். ஆனால் ஊதுகிறவர் என்று எங்களிடம் சொன்னால்தான் எதுவும் நடக்கும். பற்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு அச்சு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு பல் உடைந்தாலும் பழைய வடிவத்திலேயே கட்டித் தரலாம். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் டாக்டர் சொல்லும்வரை ஊதவே கூடாது. அதன் வேருக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே சில சமயம் காகிதம் அளவு எலும்புதான் இருக்கும். அழுத்தி ஊதினால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். நாகஸ்வரக்காரர்களுக்கும் இது பொருந்தும். பல்லுக்குக் கம்பி போட நினைக்கும் பிள்ளைகள் ட்ரம்பெட் கற்கிறார்கள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போன வருஷம் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஆலிவருக்கு வந்த அதே வியாதி. ஆடுகிற நாலு பல்லையும் பிடுங்கிவிடச் சொன்னார். பிடுங்கவில்லை. நாலைந்து தடவை வரவைத்து ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்து, ஆடும் பற்களை உள்பக்கமாக மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினேன். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். கட்டி முடித்ததும், "ஊதிப் பாருங்கண்ணே" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவியை முழுசாக ஊதினார்.

வெளியே காத்திருந்த பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்து, "யாரும்மா போய்ட்டாங்க?" என்று கேட்டார்.