ஆவ்ரோவின் ஜாதகம்

நாமக்கல்லில் பழைய லாரி வாங்கப் போகிறவர் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்குவதில்லை. கேபின் புதிதாக இருக்கலாம், பாடி திருச்செங்கோட்டில் கட்டியதாக இருக்கலாம், எஞ்சினே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். அவர் குனிந்து சேசிஸில் குத்திய எண்ணைத் தேடுவார். கிரீஸும் மண்ணும் மூடிய இடத்தை டீசல் தொட்ட துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுப்பார். ஆர்.சி. புத்தகத்தோடு அது ஒத்துப்போன பிறகுதான் விலை பேச்சு.

பழைய பயணிகள் விமானத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கோவைக்கு வந்துபோன விமானம் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

பீளமேட்டு விமான நிலையம் 1940இல் திறக்கப்பட்டது. ஜெட் வருவதற்கு முன்பு இந்தியன் ஏர்லைன்ஸின் மூன்று ரகங்கள் அங்கே இறங்கின: டகோட்டா என்கிற டி.சி. 3, ஃபோக்கர் எஃப் 27, ஆவ்ரோ என்கிற எச்.எஸ். 748. இதில் டகோட்டாவை எல்லோருக்கும் தெரியும். ஃபோக்கரின் பெயராவது நினைவில் நிற்கிறது. ஆவ்ரோவைத்தான் ஊர் மறந்துவிட்டது. இத்தனைக்கும் மூன்றில் இந்தியாவிலேயே கட்டப்பட்டது அது ஒன்றுதான்.

இங்கிலாந்தின் ஆவ்ரோ நிறுவனம் வடிவமைத்த அந்த விமானம் முதலில் பறந்தது 1960 ஜூன் 24 அன்று. அதே ஆண்டு ஜனவரியில் கான்பூரில் ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங் தலைமையில் இந்திய விமானப்படை ஒரு தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கியிருந்தது. அங்கே பொருத்தப்பட்ட முதல் 748 விண்ணேறியது 1961 நவம்பர் 1 அன்று. எண் பி.எச். 572. முந்தைய ஆண்டு காலமான விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக 'சுப்ரதோ' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தக் கூடம் எச்.ஏ.எல். என்கிற ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. மொத்தம் 89 ஆவ்ரோக்கள் அங்கிருந்து வெளிவந்தன. சில விமானப்படைக்கு, சில இந்தியன் ஏர்லைன்ஸுக்கு.

வீட்டு ஆல்பத்தில் தாத்தா விமானத்தின் முன்னால் நிற்கும் கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா? ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வால் தரையைத் தொட்டு மூக்கு மேலே தூக்கி நின்றால் டகோட்டா. இறக்கை ஜன்னல்களுக்கு மேலே இருந்தால் ஃபோக்கர். ஜன்னல்களுக்குக் கீழே இருந்து, எஞ்சின் இறக்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தால் அது ஆவ்ரோ. தாழ்ந்த இறக்கையில் எஞ்சினை வழக்கமான உயரத்தில் வைத்தால் பெரிய ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கும். அதனால்தான் அந்த விநோதத் தோற்றம்.

ஆனால் ரகம் தெரிந்தால் போதாது. அந்த 89இல் இது எது? வாலில் வி.டி. என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். இது பதிவு எண் மட்டுமே. விமானம் வெளிநாட்டுக்குப் போனால் வி.டி. போய் அந்த நாட்டு எழுத்து ஏறும். விமானப்படைக்குப் போனால் படையின் எண் ஏறும். ஒரே விமானம் மூன்று நான்கு பெயர்களில் வாழ்ந்து முடிப்பதுண்டு. மாறாதது தொழிற்சாலை கொடுத்த தயாரிப்பு எண். ஆகவே தேடுகிறவர் ஒவ்வொரு பதிவு எண்ணையும் தயாரிப்பு எண்ணோடு பொருத்திக்கொண்டே போவார். ஒரு பதிவு நீக்கப்பட்ட தேதியும் அடுத்த பதிவு தொடங்கிய தேதியும் இடறினால் எங்கோ தப்பு.

தயாரிப்பு எண் ஒரு சிறு உலோகத் தகட்டில் பொறித்திருக்கும். பதிவு எண்ணுக்கும் தனித் தகடு உண்டு. சர்வதேச விதிப்படி அது தீயில் உருகாத பொருளால் ஆனதாக, முக்கிய வாசலுக்கு அருகே பொருத்தியதாக இருக்க வேண்டும். எல்லாம் எரிந்து போனாலும் எந்த விமானம் என்று சொல்ல அது ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்ற கணக்கு.

தகட்டை யாரோ நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தால்? பழைய விமானங்களில் இது சகஜம், எரிச்சலூட்டும் சகஜம். அப்போது உடம்பையே படிக்க வேண்டும். இருட்டிய பிறகு டார்ச்சை உடற்தகட்டோடு ஒட்டிப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி அடித்தால், பகலில் தெரியாத பழைய எழுத்துகள் மேலெழும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெயிண்ட் அடுக்கு. அதன்மேல் எத்தனை முறை பூசினாலும் ஓரத்தில் மயிரிழை அளவு மேடு நிற்கும். அந்த மேட்டின் நிழலைத்தான் கண் படிக்கிறது. இன்னொரு வழி, ஓரிடத்தில் மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பது. நடுவில் அலுமினியமும் அதைச் சுற்றி ஒவ்வொரு காலத்து நிறமும் வளையம் வளையமாகத் தெரியும். வெளி வளையம் கடைசி உரிமையாளர், உள் வளையம் முதலாமவர்.

தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணிகளின் வரிசையும் பேசும். தொழிற்சாலை ரிவிட்டுகள் சீரான இடைவெளியில் ஓடும். பின்னால் ஒட்டுப்போட்ட தகட்டைச் சுற்றி நெருக்கமாக இரட்டை வரிசை இருக்கும். பின்பக்கம் பெரிய சரக்குக் கதவும் அதைச் சுற்றித் தடித்த சட்டமும் இருந்தால், விமானப்படைக்கென்று கட்டிய ரகம் என்று ஊகிக்கலாம்.

இதெல்லாம் அடையாளம். வயதை எப்படி அறிவது? இங்கேதான் பலர் பறந்த மணிக்கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு பறப்பையும் பதியும் லாக் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது இறங்கிய எண்ணிக்கை. காரணம் காற்றழுத்தம். உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் ஆவ்ரோவின் உள்ளே காற்றை அழுத்தி அடைத்தார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலே, ஒரு சதுர அடித் தகட்டை 720 பவுண்டு, அதாவது சுமார் 325 கிலோ, வெளியே தள்ளுகிறது. ஏறும்போது உடம்பு உப்பும், இறங்கும்போது சுருங்கும். உலோகம் ஒருமுறை இழுத்தால் தாங்கும். ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டால் ரிவிட் துளையின் ஓரத்தில் விரிசல் பிறக்கும். ஆறு மணி நேரம் பறந்தாலும் நாற்பது நிமிடம் பறந்தாலும் ஒரு ஏற்றம் ஒரு இழுப்புதான். அதனால் கோவை, பெங்களூர், சென்னை என்று ஊர் ஊராக இறங்கி ஏறியது, நெடுந்தூரம் பறந்ததைவிடக் குறைந்த மணியில் அதிகம் தேயும்.

1954இல் காமெட் என்கிற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட்கள் நடுவானில் சிதறியதற்குக் காரணம் இந்த உலோகச் சோர்வுதான். அதன் பிறகு வடிவமைக்கப்பட்ட 748இல், ஒரு பாகத்தில் விரிசல் விட்டாலும் பக்கத்துப் பாகம் சுமையை ஏற்கும்படி கட்டினார்கள். அதன் நீண்ட ஆயுளுக்கு இது முக்கியக் காரணம்.

எஞ்சினுக்கு லாக் புத்தகம் தனி. ஒரு விமானத்தில் கழற்றிய எஞ்சின் பழுதுபார்த்தபின் வேறொன்றில் ஏறும். எனவே 'இந்த விமானத்தின் எஞ்சின்' என்று நிரந்தரமாக எதுவும் கிடையாது. ஆவ்ரோவில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் டார்ட். ஃபோக்கரிலும் அதே குடும்பம். உள்ளே சுழல்தண்டு நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றும். பல்சக்கரங்கள் அதைக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குச் சுமார் 1,400 சுற்றாகக் கொடுக்கும். காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சொலிக்குப் பெயர்போன எஞ்சின் அது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று இன்னும் மெலிந்து எஞ்சினின் வலு குறையும். வெப்பநாளில் மேலெழும்போது டார்ட்டுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளிக்க ஏற்பாடு உண்டு. தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும், குளிர்ந்த காற்று அடர்ந்து அதிகம் உள்ளே போகும், மெத்தனால் எரிந்து குறைந்த வெப்பத்தை ஈடுகட்டும். ஓடுபாதையை விட்டு எழும்ப வேண்டிய சில நிமிடங்களுக்கு மட்டும் இந்த உதவி.

அந்த ஓடுபாதையே பிறகு நீண்டது. 1980களில் போயிங் 737க்காகப் பீளமேட்டில் வேலை நடந்த காலத்தில் பயணிகள் சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் போய் ஏறினார்கள். 1987இல் பீளமேட்டுக்கே சேவை திரும்பியது. ஜெட்கள் வந்தபின் ஆவ்ரோவுக்குப் பயணிகள் சேவையில் இடமில்லாமல் போயிற்று. விமானப்படைதான் அதை விடாமல் வைத்திருந்தது. அதற்கு மாற்றாக 2021இல் சி 295 என்கிற போக்குவரத்து விமானங்கள் 56க்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதலாவது 2023இல் வந்து சேர்ந்தது.

ஆகவே அந்த ஆல்பப் படத்தை மறுபடி எடுங்கள். தாத்தாவின் தலை வாலை மறைத்திருந்தால் கவலை வேண்டாம். பதிவு எண்ணை இடது இறக்கையின் அடிப்பக்கத்திலும் எழுதுவது வழக்கம். படத்தைக் கணினியில் பெரிதாக்கி அங்கே வி.டி.க்குப் பின்னால் வரும் மூன்று எழுத்துகளைப் படிக்க முடிந்தால், தயாரிப்பு எண்ணைத் தேடத் தொடங்கலாம்.