குறட்டையும் இளைப்பும் ஒரே உடம்பில்

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பெரியவர்களின் இளைப்பு யாருக்கும் புதிதல்ல. வருடக்கணக்கில் பீடி பிடித்த ஆண்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே சமைத்த பெண்களுக்கும் நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றறைகளின் சுவர் சிதைந்துவிடுகிறது. டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பது இதைத்தான். இவர்களில் சிலர் இரவில் பலமாகக் குறட்டை விடுவார்கள். நடுவில் மூச்சு நின்று, திணறி விழிப்பார்கள். “அசந்து தூங்குறாரு” என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அது ஸ்லீப் ஆப்னியா என்ற இன்னொரு நோய். இரண்டும் ஒருவரிடமே இருப்பதற்கு 1985-இல் டேவிட் ஃபிளென்லி என்ற மருத்துவர் ‘ஓவர்லாப் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார்.

இரண்டு நோய் என்றால் இரண்டு மடங்கு சிரமம் என்று கணக்குப் போட முடியாது. ஆபத்து அதைவிட வேகமாக ஏறுகிறது. காரணம் ரத்தத்தில் இருக்கிறது.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்துவைத்திருக்கும் விதம் ஏலகிரி மலையைப் போன்றது. மேலே சமதளம், விளிம்பைத் தாண்டினால் சரிவு. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறக்குறைய 95 மில்லிமீட்டர் (பாதரச அளவில்). அது 75-க்கு இறங்கினாலும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95 சதவீதம் அளவுக்குக் காட்டும். சி.ஓ.பி.டி. முற்றியவரோ பகலிலேயே 60-இல், அதாவது 90 சதவீதத்தில், விளிம்பில் நிற்கிறார். அதே 20 மில்லிமீட்டர் குறைந்தால் அவருக்கு 75 சதவீதம்தான் மிஞ்சும்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து வழி அடைபடுகிறது. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால்தான் அதை ஆப்னியா என்று கணக்கில் எடுப்பார்கள். சிலருக்கு அரை நிமிடத்தையும் தாண்டும். நுரையீரல் நன்றாக இருந்தால், திணறி எழுந்து இழுக்கும் நாலு மூச்சில் ஆக்ஸிஜன் பழைய நிலைக்கு வந்துவிடும். ஓவர்லாப் உள்ளவருக்கு அது முழுதாக மீள்வதற்குள் அடுத்த அடைப்பு வந்துவிடுகிறது. கனவு காணும் நேரம் இன்னும் மோசம். அப்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் செயலற்றுக் கிடக்க, நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானம் என்ற தசை ஒன்றுதான் வேலை செய்யும். காற்று தேங்கிப் புடைத்த நுரையீரலோ அந்த உதரவிதானத்தையும் ஏற்கெனவே தட்டையாக்கி வைத்திருக்கிறது.

வெளியேறாத கரியமில வாயு காலையில் தலைவலியாகத் தெரியும். ஆக்ஸிஜன் குறையும்போதெல்லாம் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகுவதால், இதயத்தின் வலப்பக்கம் களைத்துப் போகிறது. கால் வீக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று: பகலில் கிளினிக்கில் ஆக்சிமீட்டர் 93 காட்டியது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். இரவு என்ன காட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இளைப்புக்காரர் குறட்டையும் விட்டால், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரியோடு தூக்கப் பரிசோதனையும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய, ஆக்ஸிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினை இரவில் தாமாகவே போட்டுக்கொள்வது சரியல்ல. ஆக்ஸிஜன் தொண்டையைத் திறக்காது. ஆக்ஸிஜன் குறைவதும் மூளை உஷாராகி எழுப்புவதற்கு ஒரு தூண்டுதல். அந்தத் தூண்டுதல் மங்கினால் மூச்சு நிற்கும் நேரம் நீண்டு, கரியமில வாயு ஏறலாம். கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 சதவீதம் போதும் என்று டாக்டர்கள் அளந்து கொடுப்பது இதனால்தான். அவர்கள் எழுதிக் கொடுத்த ஆக்ஸிஜனை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொண்டையைத் திறந்து வைப்பது, முகமூடி வழியாகக் காற்றை விடாமல் அழுத்தித் தரும் சி.பேப் கருவியின் காற்றழுத்தம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். கரியமில வாயு அதிகமிருந்தால், மூச்சை இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தரும் பைபேப் கருவி தேவைப்படலாம். ஓவர்லாப் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், சி.பேப் போட்டுக்கொண்டவர்களைவிடப் போடாதவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது.

வேலூர் வெயிலில் முகமூடி வியர்க்கும், கழற்றத் தோன்றும். ஃபேனைப் பக்கத்தில் வைத்து, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் வைத்துக்கொண்டால் பழகிவிடும். மதுவும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும், இரண்டும் வேண்டாம். மெஷின் வந்துவிட்டதென்று இன்ஹேலரை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தொண்டையைத் திறக்கும் காற்று, சுருங்கிய சிறு குழாய்களுக்கு மருந்தாகாது. அவற்றை விரிக்க இன்ஹேலர் தினமும் வேண்டும்.