மஞ்சள் காய்ந்தாலும் மாறாத பங்கு

குரூப் 4 தேர்வுக்குப் படித்துவரும் சென்னிமலை வாசகி ஒருவர், தறி வேலைக்கு நடுவே தினமும் ஒரு பயிற்சி வினாத்தாளைப் போட்டுப் பார்ப்பவர், இவ்வாறு எழுதியிருந்தார்: "விகிதத்தைச் சுருக்கவும், ஒரு தொகையைப் பங்கு பிரிக்கவும் எனக்குத் தெரியும். ஒரே கணக்கில் இரண்டு விகிதங்கள் வந்துவிட்டால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று புரிவதில்லை." அத்தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை, விகிதம் அப்பாடத்திட்டத்தில் உள்ளது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி படிப்புதவித் தொகைத் தேர்விலும் இதே வகைக் கணக்குகள் வருகின்றன. ஆகவே அவருடைய கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

7:3 என்று எழுதும்போது நாம் சொல்வது, ஒருவரிடம் ஏழு பங்கும் மற்றவரிடம் மூன்று பங்கும் உள்ளன என்பது மட்டுமே. ஒரு பங்கு என்பது எத்தனை ரூபாய், எத்தனை கிலோ என்று விகிதம் சொல்வதில்லை. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. முதல் விகிதத்தின் பங்கும் இரண்டாம் விகிதத்தின் பங்கும் ஒரே அளவுடையவை அல்ல. தானியம் அளக்கும் இரு வேறு அளவைகளைப் போல, ஒன்று படியாகவும் மற்றொன்று வள்ளமாகவும் இருக்கலாம். படியிலிருந்து வள்ளத்தைக் கழித்தால் விடை எப்படி வரும்? இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், கணக்கு முழுவதிலும் மாறாமல் நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பங்கு எண்ணிக்கையை இரு விகிதங்களிலும் சமமாக்க வேண்டும். முறை முழுவதும் இவ்வளவுதான்.

அண்ணனிடமும் தம்பியிடமும் உள்ள பணம் 7:3. அண்ணன் 40 ரூபாய் கொடுத்தபின் 3:2 ஆகிறது. பணம் கைமாறியதே தவிர வெளியே போகவில்லை. எனவே கூட்டுத்தொகை மாறவில்லை. முதலில் 10 பங்கு, பிறகு 5 பங்கு. இரண்டாவதை 6:4 என்று எழுதினால் இரண்டும் 10 பங்காகிவிடும். அண்ணனின் ஏழு ஆறாகியது. அந்த ஒரு பங்கே 40 ரூபாய். அண்ணனிடம் முதலில் இருந்தது 280 ரூபாய். வயதுக் கணக்கில் மாறாதது வித்தியாசம். தாய்க்கும் மகளுக்கும் வயது 5:1, ஆறு ஆண்டுகள் கழித்து 3:1 என்றால், வித்தியாசம் 4 பங்காகவும் 2 பங்காகவும் இருக்கிறது. 3:1 என்பதை 6:2 ஆக்குங்கள். ஒரு பங்கு ஆறு ஆண்டுகள், தாய்க்கு 30, மகளுக்கு 6. விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் 3:1 ஆக உள்ள குவியலில் 50 கிலோ கிழங்கை மட்டும் சேர்த்ததால் 2:1 ஆனதென்றால், விரலியை யாரும் தொடவில்லை என்பதே திறவுகோல். 6:2 என்பது 6:3 ஆகிறது, ஒரு பங்கு 50 கிலோ, விரலி 300 கிலோ.

மஞ்சள் என்றதும் நான் நிற்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஏனெனில் இந்த முறையை எனக்கு முதலில் காட்டியது வகுப்பறை அல்ல, பெருந்துறைக்கு அருகே என் அப்பச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், களம். பறித்த மஞ்சளை ஆவியில் வேகவைத்து, களத்தில் பரப்பி, நாளுக்குச் சில முறை கிளறிவிட்டுக் காயவைப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் வெயிலுக்குப் பிறகு அப்பச்சி ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். 'டக்'கென்று உலோகம்போல் ஓசை வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். "அஞ்சுக்கு ஒண்ணு நின்னாப் போதும் கண்ணு" என்பார். ஐந்து மூட்டைப் பச்சை மஞ்சளுக்கு ஒரு மூட்டைதானா என்று எனக்கு அன்று பெரும் ஏமாற்றம்.

பச்சை மஞ்சளில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர். நன்கு காய்ந்ததில் 10 விழுக்காடு. நூறு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தபின் எவ்வளவு எடை இருக்கும்? எண்பதிலிருந்து பத்தைக் கழித்து, எழுபது கிலோ போனது, முப்பது கிலோ மிச்சம் என்று சொல்லத் தோன்றும். தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றாக 30 பெரும்பாலும் காத்திருக்கும். வெயில் கொண்டுபோவது நீரை மட்டுமே. நீர் நீங்கிய சத்துப்பொருள் அப்படியே இருக்கிறது. சத்துக்கும் நீருக்கும் உள்ள விகிதம் முதலில் 1:4, முடிவில் 9:1. சத்தைச் சமமாக்கினால் 9:36 என்பது 9:1 ஆகிறது. அதாவது 45 பங்கு 10 பங்காகச் சுருங்குகிறது. நூறு கிலோவுக்கு 22 கிலோவும் சற்று மேலும். நாலரைக்கு ஒன்று. பாலிஷ் போடும்போது தோலும் வேரும் கழிந்துபோவதைச் சேர்த்துக்கொண்டால் அப்பச்சியின் ஐந்துக்கு ஒன்று எவ்வளவு துல்லியமான சொல் என்பது விளங்கும்.

இதைவிட வியப்பானது நடுவழியில் இருக்கிறது. நீர் 80 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு இறங்கிய நாளில் மஞ்சளின் எடை என்ன? 1:4 என்பது 2:3 ஆகிறது. சமமாக்கினால் 2:8 என்பது 2:3. பத்துப் பங்கு ஐந்தானது. விழுக்காடு இருபதுதான் இறங்கியது, எடையோ பாதியாகிவிட்டது! விழுக்காடு என்பது ஒவ்வொரு நாளும் அந்நாளைய மொத்த எடையைக் கொண்டு அளக்கப்படுவது. நீர் போகப்போக அந்த மொத்தமே சுருங்குவதால், நீர் பெருமளவு வெளியேறியும் அதன் விழுக்காடு மெதுவாகவே குறைகிறது. சத்து மட்டுமே களத்தில் நிலையாக நிற்பதால், அதைக் கொண்டு அளந்தால் மட்டுமே எண்கள் நமக்கு உண்மை பேசுகின்றன.

பயிற்சி மையங்கள் சில, கணக்கு வகைக்கு ஒன்றாக நாற்பது ஐம்பது குறுக்குவழிச் சூத்திரங்களை அச்சிட்டு விற்பதை நான் ஏற்கவில்லை. தறியில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவர் அவற்றை மனப்பாடம் செய்து, வினாவின் ஒரு சொல் மாறியதும் தடுமாறுகிறார். தெரியாத வினாக்களுக்கெல்லாம் ராசியான ஓர் எழுத்தைக் குறிக்கும் பழக்கமும் அந்தத் தடுமாற்றத்திலிருந்தே வருகிறது என்று கருதுகிறேன். அரசுப் பள்ளிகளின் கணக்கு வகுப்புக்கு ஒரு தராசும், ஈரமான எதையேனும் உலர்த்தி நாள்தோறும் நிறுக்க ஒரு மூலையும் ஒதுக்க ஆகும் செலவு மிகச் சிறியது; அதை அரசு செய்ய வேண்டும்.

வாசகிக்கு ஒரு கணக்கு. காங்கேயம் பக்கத்துக் களங்களில் காயும் தேங்காயில், பச்சைப் பருப்பின் எடையில் பாதி நீர் என்றும், கொப்பரையானபின் நீர் 6 விழுக்காடு என்றும் கொள்ளுங்கள். நூறு கிலோ பருப்புக்கு எத்தனை கிலோ கொப்பரை? விகிதங்கள் 1:1, 47:3. சமமாக்கினால் 94 பங்கு 50 பங்காகிறது. விடை 53 கிலோவுக்குச் சற்று மேல்.