கீயே தரவாக வரும்போது: ஜேசன் வாசிப்பில் ஒரு சத்தமில்லாத பிழை

பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் வேலையில் அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று, எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடுவதாலேயே ஆபத்தானது. வெளிச் சேவையிலிருந்து வரும் ஜேசனில் (தரவைப் பெயர்-மதிப்பு இணைகளாக எழுதும் உரை வடிவம்) நிலையான கீகளுக்கு, அதாவது மதிப்புகளின் பெயர்களுக்கு, பதிலாகத் தேதியோ அடையாள எண்ணோ கீயாக வருகிறது. கையில் கிடைத்த ஒரு மாதிரியைக் கருவியொன்றில் ஒட்டி, அது உருவாக்கித் தரும் ஸ்ட்ரக்டை (புலங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்ட தரவு வகை) அப்படியே கோ மொழி நிரலில் சேர்த்துவிட்டால், மாதிரி எடுத்த நாளின் தேதியே புலத்தின் டேக்காக, அதாவது எந்தக் கீயை அதில் ஏற்ற வேண்டும் என்ற குறிப்பாக, பதிந்துவிடும். சோதனையும் அதே மாதிரியைக் கொண்டு நடப்பதால் குறை எதுவும் தெரியாது.

ஜேசனை வாசிக்கக் கோவுடன் வழக்கமாக வரும் நிரல் தொகுப்பு, ஸ்ட்ரக்டில் இல்லாத கீயைப் பேசாமல் தள்ளிவிடும். தரவில் வராத புலத்தில் சுழிய மதிப்பே நிற்கும். நான் சரிசெய்ய நேர்ந்த ஒரு நிரலில், இரண்டாம் நாளிலிருந்து அறிக்கையில் 0 ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பயன்பாடு இல்லை போலும் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஜேசனைப் பிரித்து வாசிக்கும் டீகோடரில், தெரியாத கீயை மறுக்கும் டிஸ்அலோஅன்நோன்ஃபீல்ட்ஸ் என்ற அமைப்பை இயக்கியிருந்தால், முதல் புதிய தேதியிலேயே பிழை எழுந்திருக்கும்.

கீ மாறுமென்றால், சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, கீயாகக் கொண்ட மேப்பில் (எந்தக் கீயையும் ஏற்கும் கீ-மதிப்பு அட்டவணை) தரவை வாங்குவதே முறை. மதிப்புகள் யாவும் ஒரே வடிவில் இருந்தால் மேப்பின் மதிப்பாக ஸ்ட்ரக்டையே கொடுக்கலாம். ஆனால் நடைமுறையில் தேதிகளுக்கு நடுவே மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் கீ ஒன்றும் உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணை ஸ்ட்ரக்டில் ஏற்ற முயலும்போது பிழை வரும். அத்தகைய இடத்தில் மதிப்பை ராமெசேஜ் வகையாக, அதாவது இன்னும் பிரிக்கப்படாத பைட்டுகளாக, வைத்துக்கொண்டு, கீயைப் பார்த்து அது தேதிதானா என்று உறுதிசெய்த பின்னரே உள்ளே பிரிக்க வேண்டும்.

அவசரத்தில் பலர் நாடும், எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வெற்று இன்டர்ஃபேஸை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் எண்கள் எல்லாம் ஃப்ளோட்64 என்ற 64 பிட் மிதவைப்புள்ளி வகை ஆகிவிடுவதால், 9007199254740992-க்கு மேற்பட்ட அடையாள எண்களின் கடைசி இலக்கங்கள் மாறிப்போகக்கூடும். எண்ணை எழுதியபடியே வைத்துக்கொள்ளும் யூஸ்நம்பர் அமைப்பு இதைத் தவிர்க்கும்.

வரிசையையும் நம்பக் கூடாது. 2017-இல் வெளியான, ஜேசனின் தர ஆவணமான ஆர்எஃப்சி 8259, ஜேசன் ஆப்ஜெக்டை (கீ-மதிப்பு இணைகளின் கூட்டம்) வரிசையற்ற தொகுப்பு என்றே வரையறுக்கிறது. கோவின் மேப்பும் சுற்றிவரும் வரிசைக்கு உறுதி தருவதில்லை. கீகளைத் தனியே எடுத்து வரிசைப்படுத்தினாலும், சரங்களாக ஒப்பிடும்போது 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கும். ஒரே கீ இருமுறை வந்தாலோ, கோவின் ஜேசன் நிரல் தொகுப்பு மேப்பில் கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும்.

ஆகவே மேப்பை நிரலின் உள்ளே வெகுதூரம் இழுத்துச் செல்லாமல், வாசித்த இடத்திலேயே ஒவ்வொரு கீயையும் தேதி என்ற புலத்தில் வைத்து, பதிவுகளின் பட்டியலாக மாற்றிவிடுகிறேன். சோதனைக்கும், ஒரு தேதிகூடப் பொதுவாக இல்லாத இரண்டு மாதிரிகளைக் கொடுக்கிறேன்.