பீலிக்குக் கீழே ஒரு பீப்பாய்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே, மின்கம்பம் ஏறாத ஒரு மேட்டில் பன்னிரண்டு வீடுகள். நான் போனது ஜூலையில். கூரைகளில் சோலார் தகடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே குப்பி லாம்பு எரிந்தது. விற்றவர் ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மே முதல் செப்டெம்பர் வரை அந்த மலை எப்படியிருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அதே மழைதான் ஓடையை நிரப்புகிறது. அந்த நீரில் சின்ன டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கலாமா என்று பார்க்க, ஓடை நீர் விழும் பீலிக்குக் கீழே 200 லீற்றர் பீப்பாயை வைத்தோம். 20 விநாடியில் நிரம்பியது. விநாடிக்கு 10 லீற்றர். 20 மீற்றர் இறக்கம் கிடைத்தது. பாதி சக்தி வீணானாலும் ஏறக்குறைய 1 கிலோவாட், நாளுக்கு 24 யூனிட். பல்பு, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி எல்லாம் சேர்த்து அவர்களுக்கு வேண்டியது 6 யூனிட். மிஞ்சுவதில் வெந்நீர் போடலாம். அந்தக் குளிருக்கு அது சின்ன விஷயமில்லை.

பெப்ரவரியில் மறுபடி போனேன். பீப்பாய் நிரம்ப 80 விநாடி ஆயிற்று. 250 வாட், நாளுக்கு 6 யூனிட், மட்டுமட்டு. ஆனால் வெயில் அடிப்பதும் அப்போதுதான். இருக்கிற தகடுகளோடு ஒரு சின்ன டர்பைன் போதும், புதிதாகத் தகடு வேண்டாம் என்றேன்.

பற்றரியிலும் மிச்சம்தான். சோலாரை மட்டும் நம்பினால் வெயிலில்லாத மூன்று நாளுக்கு 18 யூனிட் சேமிக்க வேண்டும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. ஆகவே 36 யூனிட்டுக்கு வாங்க வேண்டும். ஓடை இரவிலும் ஓடுவதால் அதில் சிறு பங்கே தேவைப்பட்டது.

இதை அப்படியே ஊவா மாகாணத்துப் பசறைக்குத் தூக்கிப்போகாதீர்கள். ஊவாப் பக்கம் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று வீச, ஓடை மெலிந்துவிடும். அங்கே பீப்பாயை வைக்க வேண்டிய மாதமே வேறு.

நானும் ஒன்றைத் தவறவிட்டேன்: ரைஸ் குக்கர். காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முன் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் 500 வாட் குக்கரைப் போட்டால் 6 கிலோவாட். அரை மணி நேரத்துக்கு 3 யூனிட்தான். அதைத் தகடுகள் ஈடுகட்டும். ஆனால் இன்வேட்டர் தாங்காது. பெரிய இன்வேட்டருக்குக் காசில்லை. பெண்களே கூடிப் பேசி, நான்கு நான்கு வீடாக முறை பிரித்து, கோயில் சுவரில் கரியால் எழுதிவிட்டார்கள். முதல் முறை, தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற நான்கு வீட்டுக்கு.