பல்வேர்க் கரைவு

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தில், பக்கவிளைவுகளுள் ஒன்றாக 'ரூட் ரிசார்ப்ஷன்' குறிக்கப்பட்டிருக்கும். பல்வேரின் கடினப் பகுதியை உடலின் சொந்த உயிரணுக்களே கரைத்து அகற்றிவிடுவதால் வேர் குட்டையாவதே அதன் பொருள்.

இலத்தீனில் 'சோர்பேரே' என்பது உறிஞ்சுதலையும், 'ரே' என்ற முன்னொட்டு 'திரும்ப' என்பதையும் குறிக்கும். முன்பு 'அப்சார்ப்ஷன்' என்று வழங்கியதற்குப் பதிலாக 'ரிசார்ப்ஷன்' என்பதே பொருந்தும் என்று 1932இல் பல் ஆய்வாளர்களான பெக்ஸும் மார்ஷலும் வலியுறுத்தினர். பற்சீரமைப்புக்கும் இந்த இழப்புக்கும் உள்ள தொடர்பை எக்ஸ்ரே படங்களைக் கொண்டு 1927இல் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பற்சீரமைப்பு மருத்துவர் கெட்சம்.

தமிழில் இதை 'வேர் உறிஞ்சல்' என எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வேர் உறிஞ்சுகிறது என்றால் செடி மண்ணிலிருந்து நீரை எடுப்பதுதான் நம் நினைவுக்கு வரும். இங்கோ வேர் உறிஞ்சுவதில்லை, தானே கரைக்கப்படுகிறது. 'தேய்வு' மென்று மென்று பல்லின் மேற்பரப்பு குறைவதற்கும், 'அரிப்பு' புளிப்பால் எனாமல் கெடுவதற்கும் உரியவை. நான் பரிந்துரைப்பது 'பல்வேர்க் கரைவு'.

கம்பியின் விசை பல்லைத் தள்ளும்போது, வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய தசைநார் நசுங்கி, அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு மடிகிறது. மடிந்த திசுவை அகற்ற வரும் உயிரணுக்கள் அதோடு நில்லாமல், வேரைப் போர்த்தியுள்ள சிமெண்டப் படலத்தையும் அதனுள் இருக்கும் பல்திசுவையும் அமிலம் சுரந்து கரைக்கின்றன; ஆகவே 'கரைவு' வெறும் உவமையன்று, நடப்பதே அதுதான். மேல் முன்பற்களின் வேர்நுனியில் இது மிகுதி. சீவிய பென்சில்போல் கூர்ந்திருக்க வேண்டிய நுனி எக்ஸ்ரேயில் மழுங்கித் தெரியும். பெரும்பாலோருக்கு இழப்பு மிகச் சிறிதே. வேரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போவது அரிது. ஆனால் வலி இராது என்பதால், சிகிச்சை தொடங்கிய 6 முதல் 12 மாதங்களுக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது மிக முக்கியம்.

இதே கரைவு பாற்பல்லில் இயல்பானது. குழந்தையின் விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் முன் திருப்பிப் பாருங்கள்: வேர் இராது, கரடுமுரடான விளிம்பும் சிறு குழிவும்தான் இருக்கும். கீழிருந்து நிரந்தரப் பல் எழ எழ, அந்த வேர் கரைந்துபோயிருக்கும்.

'மீளுறிஞ்சல்' என்ற சொல்லாக்கம் இலத்தீனை அப்படியே பின்பற்றுகிறது. ஆயினும் தமிழர் காதுக்கு 'மீள்' என்பது இழந்தது திரும்புவதாகவும் ஒலிக்கும். கரைவு தெரிந்தால் 2, 3 மாதங்கள் விசையை நிறுத்துவர். அப்போது வேரின் பக்கவாட்டுக் குழிகளைப் புதிய சிமெண்டம் மூடும், ஆனால் நுனியில் குறைந்த நீளம் மீளாது.