சாவியோடு வரும் திருடன்

மாதக் கடைசி. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, வழக்கமாகச் சரக்கு அனுப்பும் சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது. இந்த மாதத் தொகையைக் கீழே உள்ள புதிய எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்." அதற்கு அடியில், போன வாரம் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் வரிசையாக இருக்கின்றன. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கடைசியில் இருக்கும் பெயரும் சரி. பணம் போய்விடுகிறது. இரண்டு வாரம் கழித்து அதே சப்ளையர் போன் செய்கிறார்: "இன்னும் பணம் வரலையே?"

சைபர் தாக்குதல் என்றதும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. நிறுவனம் யாரை ஏற்கெனவே நம்பியிருந்ததோ, அவர் பெயரிலேயே திருடன் வந்துவிட்டான். அன்றாடம் நிறுவனங்களைச் சாய்க்கும் தாக்குதல்களில் பல இந்த வகைதான். கணினி எங்கெல்லாம் கேள்வி கேட்காமல் நம்புகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் ஒரு கேள்வியை வைப்பதுதான் பாதுகாப்பில் பாதி வேலை.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் நடந்ததைப் பார்ப்போம். சில வாரங்களுக்கு முன்பே, இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் மின்னஞ்சல் கடவுச்சொல் திருடன் கைக்குப் போயிருக்கிறது. அவன் எதையும் தொடவில்லை, படித்தான். யாருக்கு எவ்வளவு போகிறது, எந்தத் தேதியில் போகிறது, ஒருவரை ஒருவர் எப்படி அழைத்து எழுதுகிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தான். அப்புறம் அந்தப் பெட்டியின் அமைப்புக்குள் போய் ஒரு விதி போட்டான்: 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் கடிதங்களின் நகல் எல்லாம் தனக்கு வர வேண்டும். கடைசியாக, சப்ளையரின் இணைய முகவரி போலவே தோன்றும் இன்னொன்றைப் பதிவு செய்தான். ஆங்கிலச் சிறிய 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் போதும். அவசரத்தில் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூகுளும் ஃபேஸ்புக்கும்கூட இதில் ஏமாந்திருக்கின்றன. அவற்றுக்குச் சாதனங்கள் தந்துவந்த ஓர் ஆசிய நிறுவனத்தின் பெயரிலேயே, லித்துவேனியாக்காரர் ஒருவர் வேறொரு நாட்டில் நிறுவனம் பதிவு செய்தார். போலி இன்வாய்ஸ்கள் அனுப்பி, 2013 முதல் 2015 வரை 12 கோடி டாலருக்கு மேல் கறந்துவிட்டார். 2019-இல் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

மின்னஞ்சல் இதற்கு இடம் கொடுப்பதற்கு அதன் பிறப்பே காரணம். 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறைதான் இன்றும் கடிதங்களைச் சுமக்கிறது. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அஞ்சல்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான். பிற்பாடு இதற்கு மூன்று காவல்கள் வந்தன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று பட்டியல் போடுவது எஸ்.பி.எஃப். ஒவ்வொரு கடிதத்திலும் மின்முத்திரை குத்துவது டி.கே.ஐ.எம். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லி வைப்பது டிமார்க். மூன்றையும் அமைக்கப் பெரிய செலவில்லை, சொந்த இணைய முகவரி வைத்திருக்கும் யாரும் செய்துவிட வேண்டும். ஆனால் 'ஆர்', 'என்' சேர்த்துப் பதிவு செய்த போலி முகவரி, அதன் அளவில் முறையான முகவரிதான். மூன்று சோதனைகளிலும் அது தேறிவிடும்.

ஆகவே கணக்கு எண் மாறுகிறது என்றால் போனை எடுத்துப் பேசுவதுதான் வழி. அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசக் கூடாது, முன்பே நம்மிடம் இருந்த எண்ணுக்குப் பேச வேண்டும். முதலாளியே "அவசரம், உடனே அனுப்பு" என்று எழுதினாலும் இந்த வழக்கம் மாறக் கூடாது. அவசரம் என்ற சொல்தான் இந்தத் திருட்டின் முதல் கருவி.

சரி, கடவுச்சொல் அவன் கைக்கு எப்படிப் போனது? சுலபமான வழி, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைக்கும் நம் பழக்கம். எங்கோ ஒரு தளம் உடைந்து பெயரும் கடவுச்சொல்லும் கசிகின்றன. அந்தப் பட்டியலை எடுத்து மற்றத் தளங்களில் எல்லாம் போட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வர உதவும் விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாக நுழைந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்கு அது. அந்தக் கணக்கின் கடவுச்சொல், கசிந்த தொகுப்பு ஒன்றிலும் இருந்தது. இரண்டாவது சோதனை எதுவும் அதில் இல்லை. நாட்டின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய் ஐந்து நாட்களுக்கு மேல் நின்றது. கணினிகளைப் பூட்டியவர்களுக்கு நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பிணைத்தொகையாகக் கட்டியது. பயன்பாட்டில் இல்லாத கணக்கை மூடுவது எவ்வளவு சிறிய வேலை என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது சோதனை என்றால் பலருக்கும் ஓடிபி ஞாபகம் வரும். செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணும் அந்த வகைதான். தளமும் உங்கள் போனும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன. அந்த ரகசியத்தோடு அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஒரே எண் வரும். கசிந்த கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு வருபவனை இது நிறுத்திவிடும். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. மின்னஞ்சலில் வரும் லிங்க்கை அழுத்துகிறீர்கள், உள்நுழையும் பக்கம் அச்சு அசலாக வருகிறது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அந்தப் போலிப் பக்கம் அதே நொடியில் உண்மையான தளத்தில் போடுகிறது. உண்மையான தளம் எண் கேட்கிறது, போலி உங்களிடம் கேட்கிறது, நீங்கள் தருகிறீர்கள், அது கொண்டுபோய்க் கொடுக்கிறது. 30 வினாடி இதற்குத் தாராளம்.

இந்த ஓட்டையை அடைத்தது, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ. இதன் வேலைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தளத்தில் பாஸ்கீ அமைக்கும்போது உங்கள் சாதனம் இரண்டு சாவிகளை உருவாக்குகிறது. ஒன்று பொதுச் சாவி, தளத்துக்குப் போய்விடும். இன்னொன்று ரகசியச் சாவி, தளத்துக்கு அது ஒருபோதும் போவதில்லை. நுழையும்போது தளம் ஏதோ ஒரு புதிய எண்ணை அனுப்புகிறது, ரகசியச் சாவி அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறது, தளம் பொதுச் சாவியை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான். எந்தத் தளத்துக்கு உருவான சாவி என்பது அதனோடு பிணைந்திருக்கிறது. நீங்கள் இருக்கும் பக்கத்தின் முகவரி என்ன என்று பிரவுசரே பார்த்து, அதற்குரிய சாவியைத்தான் தேடும். உங்கள் கண் 'ஆர்', 'என்' இரண்டையும் 'எம்' என்று படிக்கலாம், பிரவுசர் அப்படிப் படிக்காது. அந்த முகவரிக்குச் சாவியே இல்லை என்று நின்றுவிடும். நீங்கள் ஏமாந்தாலும் உங்கள் கையில் கொடுப்பதற்கு எதுவும் இருக்காது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இந்த வசதி இருந்தால் இன்றே அமைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்தவன் பணத்தைத் திருப்பிவிடாமல், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டால்? அதுதான் ரான்சம்வேர். 1989-இல் சுமார் 20,000 பிளாப்பி வட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. போட்டவர்களின் கணினி சில காலம் கழித்து முடங்கி 189 டாலர் கேட்டது. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான் என்பதால் அதைக் கண்டுபிடித்து விடுவிக்க முடிந்தது. இன்றைய ரான்சம்வேர் அப்படியில்லை. கோப்புகளை வேகமான ஒரு சாவியால் பூட்டுகிறது, பிறகு அந்தச் சாவியையே திருடனின் பொதுச் சாவியால் பூட்டிவிடுகிறது. திறக்கத் தேவையான ரகசியச் சாவி உங்கள் கணினிக்கு வந்ததே இல்லை, அதனால் அங்கே தேடிப் பயனில்லை. உலகில் உள்ள கணினிகள் அத்தனையும் சேர்ந்து ஊகித்தாலும் கிடைக்காது. கணிதம் இங்கே திருடன் பக்கம் நிற்கிறது.

மிச்சம் இருப்பது பேக்கப், அதாவது முன்பே எடுத்து வைத்த நகல், மட்டும்தான். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் பூட்டுவதற்கு முன் பேக்கப்பைத் தேடி அழிக்கிறான். கணினியில் எப்போதும் செருகியே கிடக்கும் ஹார்டு டிஸ்க்கும் அதோடு சேர்ந்து பூட்டப்படும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதோடு ஒரு பிரதியாவது இணைப்பே இல்லாமல் இருக்கட்டும்.

இணைப்பு இல்லாத ஒரு பிரதியின் மதிப்பை 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் உணர்ந்தது. உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் நுழைந்தது. பிணைத்தொகை கேட்டாலும் திறக்க வழியே வைக்காத அழிப்பான் அது. யார் எந்தக் கணினிக்குள் வரலாம் என்று முடிவு செய்யும் சர்வர்கள் சுமார் 150 அந்த நிறுவனத்தில் இருந்தன. ஒன்றன் நகலை ஒன்று வைத்திருந்ததால் தனி பேக்கப் தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும், அன்று அங்கே மின்சாரம் போயிருந்ததால் தப்பியது. அங்கிருந்த இணைய வேகத்தில் அதை அனுப்ப நாள்கணக்கில் ஆகும் என்று, ஹார்டு டிஸ்க்கை ஒரு ஊழியர் நைஜீரியா வரை விமானத்தில் கொண்டுபோனார். அங்கே இன்னொருவர் வாங்கி லண்டனுக்குப் பறந்தார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் திரும்ப நிறுவினார்கள். உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்? எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன் தகவல்களைத் திருடி, வெளியிடுவேன் என்றும் மிரட்டுகிறார்கள். பேக்கப்பால் அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் வாசலில் வைக்கும் காவல் முக்கியம்.

அப்டேட் பற்றி ஒரே ஒரு கணக்கு. 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன.

இனி மனிதர்கள். தவறான லிங்க்கை அழுத்தியவரை எல்லார் முன்னாலும் திட்டும் நிறுவனத்தில், அடுத்து அழுத்துபவர் வாயே திறக்க மாட்டார். அந்த மௌனத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். "தப்பாகக் கொடுத்துவிட்டேன்" என்று பத்து நிமிடத்தில் வந்து சொல்பவருக்கு நன்றி சொல்லுங்கள். பணம் போயிருந்தால் முதல் போன் வங்கிக்கு. சில மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் அந்த மின்னஞ்சல் பெட்டி. கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவன் வேறு சாதனத்தில் திறந்தபடியே இருக்கலாம், எனவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு அமைப்புக்குள் போய், கடிதங்களைத் தானாக வெளியே அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 'இன்வாய்ஸ்' என்ற சொல்லுக்காக அவன் போட்ட விதி, புதிய கடவுச்சொல்லைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கேயே இருக்கும்.